ஒரே பெயர், இரண்டு ஆனி மூர்

அலுவலக வேலையாக நியூயார்க் போயிருந்தபோது, லாகார்டியா விமான நிலையத்திலிருந்து மன்ஹாட்டன் போகும் டாக்சியில்தான் அதை முதலில் பார்த்தேன். நெடுஞ்சாலையை ஒட்டி கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல்லறைகள். அதற்குப் பின்னால் அதே சாம்பல் நிறத்தில் மன்ஹாட்டனின் கட்டடங்கள். 'காட்ஃபாதர்' படத்தில் வீட்டோ கார்லியோனியை அடக்கம் செய்யும் காட்சி எடுத்த இடம் இதுதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். குவீன்ஸ் பகுதியில் உள்ள கால்வரி கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம்.

இங்கே அடக்கம் ஆனவர்கள் சுமார் 30 லட்சம் பேர். மன்ஹாட்டனில் பிணம் புதைக்க இடமில்லாமல் போனதால், 1848-இல் ஆற்றுக்கு அக்கரையில் இதைத் திறந்தார்கள். அயர்லாந்துப் பஞ்சத்தில் தப்பி வந்த ஏழைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய காலம் அது. முதல் சில வருடங்களில் வந்த பிணங்களில் பெரும்பகுதி அவர்களும் அவர்களின் குழந்தைகளும்தான்.

பிரபலங்களுக்கும் குறைவில்லை. 1928-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒரு பெரிய கட்சியின் வேட்பாளராக நின்ற முதல் கத்தோலிக்கர் அல் ஸ்மித் இங்கே இருக்கிறார். தொழிற்சங்க உரிமைச் சட்டத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த செனட்டர் ராபர்ட் வாக்னர், மாஃபியா தலைவர்கள் ஜோ மசேரியா, தாமஸ் லூக்கேசி எல்லாரும் அக்கம்பக்கம். மோட்சார்ட்டின் 'டான் ஜியோவானி' ஆப்பெராவுக்கு வசனப்பாட்டு எழுதிய லொரென்சோ டா பொன்ட்டே கதை இன்னும் விசித்திரம். யூதராகப் பிறந்து, கத்தோலிக்கப் பாதிரியாகி, கடைசியில் நியூயார்க்கில் மளிகைக்கடை நடத்தி, கொலம்பியா கல்லூரியில் இத்தாலிய மொழி சொல்லிக்கொடுத்த மனுஷன். 1838-இல் மன்ஹாட்டனில் புதைத்தார்கள். பிறகு அந்த இடத்தைக் காலி செய்து எலும்புகளை மொத்தமாகக் கால்வரிக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது, ஆனால் அதன் கீழே அவர் இல்லை.

என்னைப் பிடித்து உட்காரவைத்தது இதற்கு நேர் எதிரான ஒரு கதை. கீழே ஆள் இருக்கிறாள், மேலே கல் இல்லை.

1892 ஜனவரி 1. எல்லிஸ் தீவின் குடியேற்ற நிலையம் திறந்த நாள். முதலாவதாகப் பதிவேட்டில் ஏறியவள் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து இரண்டு தம்பிகளோடு வந்த ஆனி மூர். வயது 17. கையில் பத்து டாலர் தங்க நாணயம் கொடுத்து வரவேற்றார்கள். அதோடு செய்தித்தாள்கள் அவளை மறந்துவிட்டன.

பல பத்தாண்டுகள் கழித்து ஆளைத் தேடியபோது, டெக்சாஸில் வாழ்ந்து, 1923-இல் டிராம் மோதி இறந்த ஒரு ஆனி மூரைப் பிடித்தார்கள். மேற்கே போய் வாழ்ந்த அயர்லாந்துப் பெண், கேட்கவே நன்றாக இருந்தது. புத்தகங்களில் ஏறியது. அவளுடைய வாரிசுகளை விழாக்களுக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். பெயரை மட்டும் வைத்து இரண்டு டேபிளை ஜாயின் பண்ணினால் என்ன ஆகும் என்று நம் துறையில் எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் அதேதான் நடந்தது.

மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைப் பார்த்தபோது, டெக்சாஸ் ஆனி பிறந்ததே அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் என்று தெரிந்தது. 2006-இல் உண்மையான ஆனியைக் கண்டுபிடித்தால் ஆயிரம் டாலர் என்று இணையத்தில் அறிவித்தார். சில வாரங்களிலேயே விடை வந்தது. முக்கியத் துப்பு, தம்பி பிலிப்பின் குடியுரிமை ஆவணம். தேடிய ஆளை விட்டுவிட்டு, கூட வந்த ஆளைப் பிடித்திருக்கிறார்கள். பழைய ஆவணங்களில் பெண்களைத் தேடுபவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். கல்யாணத்தோடு அவர்கள் பெயர் மாறிவிடும், சகோதரர்களின் பெயர் மாறாது.

உண்மையான ஆனி எங்கும் போகவில்லை. மன்ஹாட்டனின் கிழக்குப் பக்கத்து நெரிசலான குடியிருப்புகளிலேயே வாழ்ந்தாள். கணவர் ஜோசப் ஷேயர். பதினோரு குழந்தைகள் என்று கணக்கு, பாதிப்பேர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். 1924-இல், ஐம்பது வயதில், இதய நோயில் இறந்தாள்.

எல்லிஸ் தீவிலும் கோவ் துறைமுகத்திலும் 1993-லேயே அவளுக்குச் சிலை வைத்தாகிவிட்டது. கால்வரியில் அவளும், சிறுவயதில் இறந்த அவள் பிள்ளைகள் சிலரும் இருந்த இடத்தில் 2008 அக்டோபர் வரை பெயர் கிடையாது. அந்த மாதம்தான் அயர்லாந்து நீலச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு சிலுவை செதுக்கி எடுத்துவந்து அங்கே நட்டார்கள்.