காலேஜ் டீம் தோத்தாலும் வாய்ப்பு இருக்கா? ரோஹின்டன் பாரியா கோப்பைக்கு ஆம்பூரிலிருந்து போவது எப்படி?

இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆண்கள் கிரிக்கெட் போட்டிக்கான கோப்பைதான் ரோஹின்டன் பாரியா. 1935-36 சீசனில் தொடங்கியது. சுனில் கவாஸ்கர் பம்பாய் பல்கலைக்கழகத்துக்காக இதில் ஆடியவர்.

யார் ஆடலாம்?
இங்கே காலேஜ் அணி நேரடியாகப் போக முடியாது, பல்கலைக்கழக அணிதான் போகும். ஆம்பூர் மஸ்ஹருல் உலூம், வாணியம்பாடி இஸ்லாமியா, வேலூர் ஊரிஸ் கல்லூரி மாணவர்கள் திருவள்ளுவர் பல்கலைக்கழக அணியில் இடம்பிடிக்கணும். நிகர்நிலைப் பல்கலைக்கழகமான விஐடி தனி அணியையே அனுப்பலாம்.

படிகள் என்ன?
* கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி
* பல்கலைக்கழக அணித் தேர்வு
* தென் மண்டலப் போட்டி
* அகில இந்தியப் போட்டி

அமெரிக்காவில் எப்படி?
அங்கே கல்லூரி பேஸ்பாலில் 64 அணிகள் மோதும். கடைசி 8 அணிகள் ஒமாஹா நகருக்குப் போகும். அணி வெளியேறினால் வீரரின் சீசனும் முடிஞ்சது. இங்கே அணி தோத்தாலும், நல்லா ஆடியவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகலாம்.

ஏன் முக்கியம்?
பல்கலைக்கழக அளவில் ஆடிய சான்றிதழ், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைகளுக்கு உதவும். எந்த அளவு சாதனை தேவைன்னு அந்தந்த வேலை அறிவிப்பில் பாருங்க. சான்றிதழை பத்திரமா வச்சுக்கோங்க.