ஃபிரிட்ஜ் கூலிங் ஆகலையா? 'கேஸ் போச்சு'ன்னு சொன்னா உடனே நம்பாதீங்க!

பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரம் பக்கமெல்லாம் சித்திரை வெயில் ஆரம்பிச்சா வீட்டுக்குள்ளேயே அனல் அடிக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் ஃபிரிட்ஜில் வைத்த பால் திரிந்துபோகும், மாவு பொங்கி வழியும். மெக்கானிக்கைக் கூப்பிட்டால் பல இடங்களில் முதலில் வரும் பதில், "கேஸ் போச்சு!"

ஃபிரிட்ஜில் இருக்கும் கேஸ், வண்டிக்குப் போடும் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. அடைத்த குழாய்க்குள்ளேயே வருஷக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அது குறைந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதனால், பணம் எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே கொஞ்சம் பாருங்கள்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். 'உர்ர்' என்று முனகி, சில விநாடிகளில் 'டிக்' என்று நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதே கதையா? மின்னழுத்தம் குறைவாக இருக்கலாம், ஸ்டார்ட் ரிலே கெட்டிருக்கலாம். சாயங்காலம் லைட் மங்கும்போது மட்டும் இப்படி ஆனால் ஸ்டெபிலைசர்தான் தீர்வு. லைட் எரிகிறது, சத்தமே இல்லை என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அந்தத் திருகில் பெரும்பாலும் எண் கூடினால்தான் குளிர்ச்சி கூடும். 1-ல் வைத்துவிட்டு 'கூலிங் இல்லை' என்பவர்களும் உண்டு!

அடுத்தது, காற்று. உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுதான் ஃபிரிட்ஜின் வேலையே. பின்பக்கம் கறுப்புக் கம்பி வலை இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பருத்தி, மக்காச்சோளம் வீட்டில் கொட்டி வைக்கிற ஊரில் அந்த வலை எப்படி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லவே வேண்டாம். வலை இல்லாத மாடல்களில் சூடு பக்கவாட்டுத் தகடு வழியாகப் போகும். அங்கே சூடாக இருப்பது கோளாறு இல்லை. சுவரை ஒட்டித் தள்ளுவதும், துணி போட்டு மூடுவதும்தான் கோளாறு. ஸ்டிக்கரில் 'எஸ்.டி' என்றிருந்தால் 38 டிகிரி வரை, 'டி' என்றிருந்தால் 43 டிகிரி வரையிலான வெளிச்சூட்டுக்குச் செய்தது. ஷீட் போட்ட சமையலறையில் மத்தியானம் அதைத் தாண்டினால், பாவம், அது என்னதான் செய்யும்?

கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுங்கள். தாராளமாக வந்தால் ரப்பரைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்காவிட்டால் மாற்றுங்கள்.

மேலே ஐஸ் கட்டுகிறது, கீழே மட்டும் குளிரவில்லையா? டபுள் டோரில் இதுதான் நிறைய பேரைக் குழப்பும். உள்ளே பனி கட்டி காற்று வழி அடைத்திருக்கும், அல்லது ஃபேன் நின்றிருக்கும். பொருட்களை எடுத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, ஒரு நாள் முழுக்கக் கதவைத் திறந்து வையுங்கள். அதன்பின் நன்றாக ஓடி, சில நாளில் மறுபடி மக்கர் செய்தால் பனி உருக்கும் ஹீட்டரிலோ சென்சாரிலோ பழுது. கேஸ் அடித்துப் பிரயோஜனமில்லை. சிங்கிள் டோரில் பனியைக் கத்தியால் குத்தவே குத்தாதீர்கள். குழாய் பொத்தால் அப்போதுதான் நிஜமாகவே கேஸ் போகும்.

கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும், ஃப்ரீசரின் ஒரு மூலையில் மட்டும் லேசாகப் பனி பூத்தால் கேஸ் கசிவைச் சந்தேகிக்கலாம். "ஓட்டை எங்கே அண்ணே?" என்று கேளுங்கள். அதை அடைக்காமல் அடிக்கிற கேஸ் மறுபடியும் போய்விடும். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது ஆர்-600ஏ. தீப்பிடிக்கும் கேஸ் அது. பழகிய மெக்கானிக்தான் கை வைக்க வேண்டும்.

பழுது பார்க்கும்வரை பால், கறி, மீனை ரிஸ்க் எடுக்காதீர்கள். கரன்ட் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 4 மணி நேரம் தாங்கும். வீட்டில் இன்சுலின் இருந்தால்தான் அவசரம். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஆனால் ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்துபோன இன்சுலினைப் போடவே கூடாது. ஃபிரிட்ஜே கிடைக்காவிட்டால் டப்பாவில் அடைத்து ஈர மண்பானைக்குள் வைக்கலாம். அது தற்காலிக ஏற்பாடுதான். சூட்டில் கிடந்த மருந்தைப் போடலாமா என்பதை மட்டும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.