பாக் வீட்டுக்கு வந்தார், பேச்சு எங்கே?

நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’ 1991 செப்டம்பரில் வந்தது. அதன் சிடி கையில் கிடைத்தால், கடைசிப் பாட்டு முடிந்ததும் நிறுத்திடாதீங்க. பத்து நிமிஷம் போல சத்தமே இருக்காது. அப்புறம் திடீர்னு ஒரு பாட்டு வெடிக்கும்: ‘எண்ட்லெஸ், நேம்லெஸ்’. ஆனால் முதலில் அச்சான சிடிக்களில் அது கிடையாது. மாஸ்டரிங்கில் விட்டுப்போச்சு. பிறகுதான் சேர்த்தாங்க. விட்டுப்போன பிரதியும் இப்போ ஒரு தனி எடிஷன்தான்.

இதைப் படித்தபோது எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் பதிந்த ஒரு கேசட் ஞாபகம் வந்தது.

என் மாமா ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் வேலையில் இருந்தார். ஷிப்ட் முடிந்து, பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஒரு ரெக்கார்டிங் கடையில் வெறும் கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்துட்டு வருவார். ரெண்டு நாள் கழித்து வாங்கணும். அறுபது நிமிஷக் கேசட், பக்கத்துக்கு முப்பது. காசு கொடுத்த டேப்பில் ஒரு நிமிஷம் சும்மா ஓடினாலும் அவருக்குப் பொறுக்காது. அதனால் சினிமாப் பாட்டு போக மிச்ச இடத்தில் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ ஆல்பத்தில் கொள்ளுகிறதைப் போடச் சொல்லியிருக்கிறார்.

அது 1986இல் வந்த ஆல்பம். படம் இல்லை, பாட்டு வரி இல்லை, பத்து இசைத்துண்டுகள். தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் நிற்கும். கர்நாடக ராகத்தை வைத்துக்கொண்டு மேற்கத்திய முறையில் பல குரல்களாகப் பின்னுகிற வேலை. பேர் வைக்கத் தெரியாமல்தான் தலைப்பே கேள்வியாக நிற்குதுன்னு நான் நினைப்பேன். ராக் கேட்கிற நண்பர்களிடம் நான் இதைத்தான் முதலில் நீட்டுவேன். ‘ஆல்டர்னேட்டிவ்’ங்கிற சொல் நம்ம ஊரில் எதுக்காவது பொருந்தும்னா இதுக்குப் பொருந்தும்.

இதில் ஏழாவது ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. எட்டாவது ‘அண்ட் வி ஹேட் எ டாக்’. சேர்த்துப் படிங்க: பாக்கை என் வீட்டில் சந்தித்தேன், பேசிக்கொண்டிருந்தோம். ஒரே வாக்கியத்தை ரெண்டு தலைப்பாக வெட்டி வைத்திருக்கிறார்.

மாமாவின் கேசட்டில் ஏழாவதோடு டேப் தீர்ந்துவிட்டது. ‘டக்’னு ஒரு சத்தம், பட்டன் மேலே வந்துடும். அட்டையில் கடைக்காரர் பால்பாயிண்டில் எழுதியிருந்தது ‘பாக்கு’. அது வெற்றிலைப் பாக்கு இல்லைங்கிறதே எனக்கு ரொம்ப லேட்டாத்தான் தெரியும்.

1988இல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் இதே ஆல்பத்தின் இசைதான் பின்னணி. வீடு கட்டப் படாதபாடு படுகிற அர்ச்சனாவின் கதைக்குக் கீழே அது ஓடும்போது வேற இசையாகவே கேட்கும். அதையும் ஒரு எடிஷனாகத்தான் நான் கணக்கு வைக்கிறேன்.

எல்பி, கேசட், சிடி எல்லாவற்றிலும் வந்த ஆல்பம்தான். எங்க வீட்டில் மட்டும் பாக் வந்தார், பேசாமலே போனார். முழு வரிசை எனக்குக் கிடைத்தது காலேஜ் வந்த பிறகு, ஒரு நண்பனின் சிடியில். காப்பி எடுத்து ஊருக்குக் கொண்டுபோய் மாமாவுக்குப் போட்டேன். ஏழாவது முடிந்ததும், பழக்கதோஷம், அவர் கை தானாக டேப்பைத் திருப்பப் போனது. எட்டாவது ஆரம்பித்ததும் அப்படியே உட்கார்ந்துட்டார்.

“இது நம்ம கேசட்ல இல்லையே மாப்ள.”

“டேப் பத்தலை மாமா.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அந்தக் கடைசிச் சினிமாப் பாட்டை விட்டிருக்கலாம்” என்றார். அது எந்தப் பாட்டுன்னு சொல்ல மாட்டேன், சண்டைக்கு வருவீங்க.

இன்னைக்கு ராத்திரி போனில் கேட்கப் போறீங்கன்னா ஷஃபிளை அணைச்சுடுங்க. ஏழு முடிந்து எட்டு வரணும்.