கஸ்பாச்சோ: சிவப்புக்கு முன்

கஸ்பாச்சோ என்ற சொல்லை நான் முதலில் சந்தித்தது 'டான் குவிக்ஸாட்'டின் ஆங்கில மொழிபெயர்ப்பில். பாங்கின் மதிய இடைவேளைகளில் பல மாதங்கள் இழுத்து இழுத்துப் படித்த புத்தகம். இரண்டாம் பாகத்தில் (1615) சாஞ்சோ பான்ஸாவைப் பராட்டாரியாவின் கவர்னராக உட்கார்த்தி வைக்கிறார்கள். தட்டுகள் வருகின்றன. பக்கத்தில் நிற்கும் வைத்தியர் ஒரு குச்சியால் தொட்டதும் அவை திரும்பிப் போகின்றன. கடைசியில் பதவியை உதறும்போது, பட்டினி போடுகிற வைத்தியனுக்கு அடங்கிக் கிடப்பதைவிட வயிறு முட்டக் கஸ்பாச்சோ தின்பதே மேல் என்கிறான் சாஞ்சோ.

படித்தபோது என் மனதில் எழுந்தது தக்காளிச் சிவப்பு. ஸ்பெயினின் தெற்கே, ஆண்டலூசியாவில், கோடைக்குக் குளிரக் குளிரக் குடிக்கும் காய்கறிச் சூப் என்று எங்கோ படித்திருந்தேன். அது தவறான நிறம். இன்னொரு சிக்கலும் உண்டு. சாஞ்சோவின் லா மான்ச்சாவில் அதே பெயரில் வேட்டை இறைச்சியும் தட்டை ரொட்டித் துண்டுகளும் போட்ட சூடான பதார்த்தம் ஒன்று இருக்கிறது. அவன் நாக்கில் ஊறியது எது என்று செர்வாண்டிஸ் சொல்லவில்லை.

கோவாரூபியாஸின் ஸ்பானிய அகராதி 1611இல் வந்தது. அறுவடைக் கூலிகளும் முரட்டு ஜனங்களும் தின்பது என்று கஸ்பாச்சோவுக்கு அதில் பொருள். காய்ந்த ரொட்டி, பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய், வினிகர், தண்ணீர். உரலில் இடித்துக் கரைத்தால் ஆயிற்று. தக்காளியும் குடைமிளகாயும் 1492க்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்தவை. வந்தவுடன் கூலிக்காரனின் கலயத்துக்குள் குதித்துவிடவில்லை. ஹுவான் தெ லா மாத்தா 1747இல் வெளியிட்ட புத்தகத்தின் கஸ்பாச்சோவில் ரொட்டி உண்டு, பூண்டு உண்டு, நெத்திலி வகை மீனின் முள்கூட உண்டு, தக்காளி இல்லை. தக்காளி போட்டதை நான் அச்சில் பார்ப்பது ஸ்பெயினுக்கு வெளியே, மேரி ராண்டால்ஃப் 1824இல் வெளியிட்ட வர்ஜீனியா சமையல் புத்தகத்தில். மலாகாவில் இன்றும் பாதாம் பருப்பை இடித்துச் செய்யும் வெள்ளைச் சூப்புக்குத் தக்காளி தேவைப்படுவதில்லை. திராட்சையை மிதக்கவிட்டுச் சாப்பிடுகிறார்கள்.

நம் வட்டத்தில் ஒரு நண்பர் 'மரபு' என்ற சொல்லை ஏதோ பாங்க் லாக்கரில் பூட்டி வைத்த நகைபோலப் பேசுவார். நம் ரசத்துத் தக்காளியும் அதே கண்டத்திலிருந்து வந்ததுதான் என்றேன். பேச்சை மாற்றிவிட்டார்.

என்னை உறுத்துவது வேறு. இந்தச் சரித்திரம் முழுவதையும் எழுதியவர்கள் அதை உண்டு உயிர் வாழ்ந்தவர்கள் அல்ல. அகராதிக்காரருக்கு அது முரட்டு ஜனங்களின் தீனி. 1840இல் ஸ்பெயினைச் சுற்றிய பிரெஞ்சுக் கவி கோத்தியே, தம் நாட்டில் ஓரளவு நன்றாக வளர்ந்த நாய்கூட இதில் மூக்கை வைக்காது என்ற பொருள்பட எழுதினார். (கவி அதைச் சாப்பிட்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பிறகு காலம் மாறி, இகழ்ந்தவர்களின் வாரிசுகள் 'உழவனின் ஞானம்' என்று கொண்டாடத் தொடங்கினார்கள். இதுவும் எனக்கு அதே குரலாகவே கேட்கிறது. உப்பும் புளிப்பும் தண்ணீரும் வேர்வையில் போனதை ஈடு செய்யும் என்பது உண்மை. ஆனால் ஆண்டலூசியாவின் பெரும் பண்ணைகளில் கூலிகள் அதைத் தின்றதற்குக் காரணம், முதலாளி அளந்து கொடுத்தது ரொட்டியும் எண்ணெயும் வினிகரும்தான் என்பதே. பிளாஸ்கோ இபானியெஸ் 'லா போதேகா' நாவலில் (1905) ஹெரெஸ் பகுதிக் கூலிகளுக்குக் காலையில் சூடான கஸ்பாச்சோ, மதியம் ஆறியது. கலயம் ஒன்று, சுற்றி நிற்பவர்கள் பலர். ஒரு கரண்டி எடுத்ததும் ஓர் அடி பின்வாங்கி அடுத்தவனுக்கு இடம் விடுவது அந்த வயல்களின் வழக்கம். இதில் எந்த ஞானத்தைக் கொண்டாடுவது?

அல்மோதோவாரின் 1988ஆம் ஆண்டுப் படத்தில் கஸ்பாச்சோ மாட்ரிட்டின் மாடி வீட்டுக்கு ஏறிவிட்டது. கதாநாயகி அதில் தூக்க மாத்திரைகளைக் கலந்து வைத்திருக்கிறாள். விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் குடித்துவிட்டுச் சாய்கிறார்கள். அதில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டபோது அவள் ஒப்பிக்கும் பட்டியலில் தக்காளிதான் முதலில். காய்ந்த ரொட்டியும் தண்ணீரும் கடைசியில் வருகின்றன. மாத்திரையைச் சொல்வதில்லை.