சென்னைக்கும் பெங்களூருக்கும் எவ்வளவு தூரம்?

பெங்களூரில் வாழும் தமிழரிடம் சென்னை எவ்வளவு தூரம் என்று கேட்டால், மைல் கணக்குச் சொல்பவர் அரியர். 'ஓர் இரவுப் பயணம்' என்பதே வழக்கமான விடை. ஊரிலிருந்து அவசரச் செய்தி வரும் நாளில்தான், விமானத்தில் எத்தனை நாழிகை ஆகும் என்று விசாரிக்கத் தொடங்குகிறோம். இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு, விமானம் தோன்றுவதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே அளக்கப்பட்டு விட்டது என்பது நேயர்களுக்கு வியப்பளிக்கலாம்.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி தீபகற்பத்தைக் குறுக்காக அளக்கத் திட்டமிட்டார். 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கருகே, நூறு அடி எஃகுச் சங்கிலியைக் கொண்டு ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை அளக்கலானார். அதற்கே ஐம்பத்தேழு நாட்கள் பிடித்தன. அதன்பின் சங்கிலிக்கு வேலை குறைவு. ஒரு பக்கத்தின் நீளம் தெரிந்துவிட்டால், குன்றின் உச்சிகளிலிருந்து கோணங்களைப் பார்த்து முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களையும் கணக்கிடலாமன்றோ? இவ்வாறு முக்கோணத்தின்மேல் முக்கோணமாக மேற்கே நகர்ந்தார்கள். கணக்குச் சரிதானா என்று சோதிக்க, 1804-இல் பெங்களூருக்கருகே வேறோர் அடிக்கோட்டை நேராக அளந்து பார்த்தனர். கணக்கிட்டதற்கும் அளந்ததற்கும் வேறுபாடு நான்கு அங்குலம்கூட இல்லை! மங்களூரை எட்டியபோது, நானூறு மைல் எனப் பழைய படங்கள் காட்டிய அகலம் முந்நூற்றறுபது மைலே எனத் தெரிந்தது. நிலம் சுருங்கவில்லை; படம் திருந்தியது.

அந்தப் பரங்கிமலையை அடுத்த மீனம்பாக்கத்திலேதான் பின்னாளில் விமான நிலையம் அமைந்தது. இன்று விமான நிலையத்துக்கு விமான நிலையம் நேர்த்தொலைவு ஏறத்தாழ 270 கிலோமீட்டர். பயண அட்டவணையில் ஒரு மணி நேரம் என்று போட்டிருந்தாலும், வானில் பறப்பது அதனினும் குறைவே.

ரயில்பாதையோ 360 கிலோமீட்டர். அது தென்மேற்கே ஜோலார்பேட்டை வரை சென்று, அங்கிருந்து வடமேற்கே திரும்பிக் குப்பம் வழியாக மூவாயிரம் அடி உயரப் பீடபூமிக்கு ஏறவேண்டும். 1864-இல் தண்டவாளம் பெங்களூர் கண்டோன்மெண்டை எட்டியது. அதற்குச் சரியாக நூறாண்டு கழித்து வந்த பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பயணத்தை ஐந்து மணி அளவுக்குக் குறைத்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வந்தே பாரத் நாலரை மணிக்குள் கொண்டுபோய் விடுகிறது.

விமானத்தின் கதை வேறு. 2008 மே மாதம் வரை பயணிகள் நகரின் கிழக்கேயுள்ள எச்.ஏ.எல். நிலையத்தில் ஏறினர். அதன்பின் நிலையம் வடக்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளித் தேவனஹள்ளிக்குப் போய்விட்டது. வானில் மிச்சமாகும் நேரத்தைச் சாலை வாங்கிக்கொள்கிறது. பரிசோதனை வரிசை மீதியை வாங்கிக்கொள்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மா காலமான செய்தி அதிகாலையில் வந்தது. நாம் விமானத்துக்கு விரைந்தோம்; கண்டோன்மெண்ட் பக்கம் குடியிருக்கும் தம்பி ரயிலேறினார். மாம்பலத்து வீட்டுப் படியை நாம் மிதித்தபோது, அவர் முற்றத்தில் நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.