மானமும் அளவையும்: மலேசியத் தமிழ் வாக்காளர் வரலாற்றிலிருந்து ஒரு பாடம்



மொழியியல் பயின்றோர்க்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் முதலில் அதைக் குறிக்கும் சொற்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். இன்றைய பொழிவின் பொருள் இனப்பற்றும் தேர்தலும். இதனுள் நுழைய எனக்கு இரண்டு சொற்கள் போதும்: மானம், வாக்கு.

'மானம்' என்னும் சொல்லுக்குப் பெருமிதம் என்பது ஒரு பொருள். அளவு என்பது மற்றொரு பொருள். தன்மானம், இனமானம் என்னும்போது முதற்பொருளில் வழங்குகிறோம். வெப்பமானி, காற்றழுத்தமானி என்னும்போது இரண்டாம் பொருள் தலைகாட்டுகிறது. வடமொழியில் இவை இருவேறு வேர்களிலிருந்து கிளைத்தவை. ஒன்று எண்ணுதலைக் குறிக்கும் வேர். மற்றொன்று அளத்தலைக் குறிக்கும் வேர். வடிவம் ஒன்றாயினும் பிறப்பு வேறு.

'வாக்களித்தல்' என்னும் வினையும் இத்தகையதே. வேட்பாளர் வாக்களித்தார் என்றால் உறுதிமொழி கொடுத்தார் என்று பொருள். குடிமகன் வாக்களித்தான் என்றால் ஓட்டுப் போட்டான் என்று பொருள். ஒருவர் சொல்லைக் கொடுக்கிறார். மற்றவர் அதை நம்பி ஓட்டைக் கொடுக்கிறார். இரண்டும் வாக்கே. ஆகவே தேர்தல் என்பது ஒரு கொடுக்கல் வாங்கல்; கொடுக்கல் வாங்கல் என்றால் கணக்கு வேண்டும். இனமானத்தில் நாம் என்றுமே குறைந்தவர்கள் அல்லர். அளக்கும் பழக்கத்தில்தான் நமக்குக் குறை இருந்துவருகிறது. இதையே வரலாற்றின் துணைகொண்டு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

1. உத்திரமேரூர் சொல்வது

தேர்தல் என்றதும் நம் மேடைகளில் உத்திரமேரூர்க் கல்வெட்டு நினைவுகூரப்படுவது வழக்கம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்களாட்சி கண்ட இனம் என்று நாம் பெருமை கொள்கிறோம்.

அப்பெருமையைச் சற்று அளந்து பார்ப்போம். அது பிராமணர் ஊரொன்றின் சபை. இறை செலுத்தும் கால்வேலி நிலமாவது உடையவர், தம் மனையில் வீடு கட்டியிருப்பவர், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டு எழுபதுக்கு உட்பட்டவர் ஆகியோர்க்கே அங்கு இடம் இருந்தது. பெண்களுக்கும் உழைப்பாளிகளுக்கும் இடம் இல்லை. அதனை இன்றைய பொருளில் மக்களாட்சி என்பது மிகை.

எனினும் அக்கல்வெட்டில் நாம் மேடையில் சொல்ல மறக்கும் விதி ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு வரக்கூடாது. அவர் மட்டுமன்று, அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்களும், அத்தை மக்களும், மாமன் மக்களும் வரக்கூடாது. இங்கே உறவு செயற்படும் விதத்தைக் கவனியுங்கள். இன்று உறவு ஒருவரைக் கணக்கிலிருந்து விடுவிக்கிறது. "நம்மவர்தானே, விட்டுவிடுங்கள்" என்கிறோம். அன்று உறவு கணக்கின் சுமையைப் பங்கிட்டுக்கொண்டது. நம்மவர் என்பதற்காகவே கண்டிப்பு கூடியது.

2. பினாங்கின் நகராட்சிக் காலம்

நாம் கூடியிருக்கும் இந்நகரத்திற்கு வருவோம். மலாயாவின் முதல் தேர்தல் நடந்த நகரம் ஜோர்ஜ் டவுன். 1951 திசம்பர் 1ஆம் நாள் நடந்த நகராண்மைக் கழகத் தேர்தலில் ஒன்பது இடங்களில் ஆறினைப் பினாங்கு ரேடிக்கல் கட்சி வென்றது. நாட்டின் முதல் பொதுத்தேர்தல் அதற்குப் பின்னர், 1955இல்தான் நடந்தது. 1957 சனவரி 1ஆம் நாள் ஜோர்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது அதன் முதல் மாநகரத் தலைவராக அமர்ந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன். அவர் பெயரைத் தாங்கிய சாலை இன்றும் இத்தீவில் உள்ளது.

சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம், இராமநாதன் என்ற பெயருடைய ஒருவரைத் தன் தலைமையில் அமர்த்தியது. நமக்கு இது பெருமைதான். ஆனால் அவரை அங்கே கொண்டு சேர்த்தது நம் எண்ணிக்கை அன்று. குடிநீர், பேருந்து, குப்பை, வீட்டு வரி என்று நாள்தோறும் கண்ணில் படும் செய்திகளைப் பற்றியது நகராட்சி. அங்கே வாக்காளர் உறுப்பினரை எளிதில் அளக்க முடியும். சாக்கடை அடைத்துக்கொண்டால் எவரைக் கேட்பது என்று தெருவுக்கே தெரியும்.

அந்த அளவுகோல் நம் கையிலிருந்து எடுக்கப்பட்டது. இந்தோனேசியாவுடனான பகைமையைக் காரணம் காட்டி 1965இல் உள்ளாட்சித் தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. 1976ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் நியமன முறையையே நிலையாக்கியது. பின்னாளில் பினாங்கு மாநில அரசு தேர்தலை மீட்கச் சட்டம் இயற்றியது. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அம்முயற்சிக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. அண்மையில் நின்று கேட்கும் வாய்ப்பை இழந்த வாக்காளருக்குத் தொலைவிலிருக்கும் தலைவரின் உருவம் மட்டுமே மிஞ்சியது. இனத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பது அதன்பின் எளிதாயிற்று.

3. நன்றியும் நம்பிக்கையும்

1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் பினாங்குத் துறைமுகத்தில் வந்திறங்கினார். அவர் கொண்டுவந்த தன்மானச் சிந்தனை தோட்டப்புறங்களில் வேரூன்றியது. அதன் தனித்தன்மை, கேள்வியை முதலில் தன் வீட்டுக்குள் கேட்டது. சாதி, குடி, சடங்கு என்று நம்மிடம் உள்ள குறைகளை நம்மையே அளக்கச் சொன்னது. மானமும் அளவையும் ஒன்றுசேர்ந்து நின்ற காலம் அது.

1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தது. 1954இல் அது கூட்டணியில் இணைந்தது. 1955 முதல் 2010 வரையிலான ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ம.இ.கா.வுக்குத் தலைவர்களாக இருந்தவர்கள் மூவரே: துன் வீ.தி. சம்பந்தன், டான்ஸ்ரீ வெ. மாணிக்கவாசகம், துன் ச. சாமிவேலு. இவ்வளவு நீண்ட தலைமைக்குத் தலைவர்களின் திறமை ஒரு காரணம். சமூகத்தின் நன்றியுணர்ச்சி மற்றொரு காரணம்.

இக்காலத்தின் இரண்டு முயற்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீதிக்கு வந்தபோது, 1960இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம் தோட்டங்களை வாங்கியது. அங்கத்தினர், பங்கு, ஆண்டுக்கூட்டம் என்ற கூட்டுறவு அமைப்புக்குள் அது இயங்கியது. தோட்டம் கண்ணெதிரே இருந்தது. 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்ஸ் ஏறத்தாழ 66,000 இந்தியரிடமிருந்து 106 மில்லியன் வெள்ளியைத் திரட்டியது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் உண்டு. அவர்கள் எதிர்பார்த்த ஈவு கிடைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் கேள்விகள் மட்டுமே மிஞ்சின. இரண்டுக்கும் பணம் கொடுத்தவர்கள் ஒரே மக்கள். இரண்டையும் தூண்டியது ஒரே இனப்பற்று. வேறுபட்டது, கொடுத்தவர் கேட்டறியும் வழி எவ்வளவு திறந்திருந்தது என்பதே.

4. சினமும் அதன் பிறகும்

2007 நவம்பர் 25ஆம் நாள் இண்ட்ராஃப் இயக்கம் கோலாலம்பூரில் நடத்திய பேரணி நம் வரலாற்றின் திருப்புமுனை. அடுத்த மாதமே அதன் தலைவர்கள் ஐவர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்த் தடுத்து வைக்கப்பட்டனர். 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. 2004இல் போட்டியிட்ட ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளையும் வென்ற ம.இ.கா., இம்முறை மூன்றை மட்டுமே வென்றது. 1974 முதல் சுங்கை சிப்புட்டைத் தம் வசம் வைத்திருந்த சாமிவேலு, மருத்துவர் மைக்கேல் ஜெயக்குமாரிடம் தோற்றார். சிறையிலிருந்தபடியே ம. மனோகரன் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார்.

பினாங்கில் ஆட்சி மாறியது. புதிதாக உருவாக்கப்பட்ட இரண்டாம் துணை முதலமைச்சர் பதவியில் பேராசிரியர் பி. இராமசாமி அமர்ந்தார். நாட்டில் இப்பதவிக்கு வந்த முதல் தமிழர் அவர். அன்று பினாங்குத் தமிழர் வீடுகளில் நிலவிய மகிழ்ச்சி உண்மையானது.

மறு ஆண்டே சோதனை வந்தது. கிலுகோர்ப் பகுதியில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்போங் புவா பாலா, மேம்பாட்டுத் திட்டமொன்றுக்காக 2009 செப்டம்பரில் இடித்துத் தள்ளப்பட்டது. நிலத்தைக் கைமாற்றும் முடிவு முந்தைய ஆட்சியில் எடுக்கப்பட்டது. வீடுகள் இடிந்தது புதிய ஆட்சியில். ஒரு சாரார் பழைய அரசைக் குற்றம் சாட்டினர். மற்றொரு சாரார் புதிய அரசு வாக்குத் தவறியது என்றனர். குடியிருந்தோர்க்கு மாற்று வீடு வழங்க ஏற்பாடு பேசப்பட்டது. ஆனால் மாடும் கொட்டிலும் மேய்ச்சலும் கொண்ட அந்த வாழ்முறைக்கு மாற்று இல்லை. தேர்தல் மேடையில் சொல்லப்பட்டது சரியாக என்ன, எந்த நாளில், யாரால் என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளாத சமூகம், பின்னர் அதைப் பற்றி வழக்காட மட்டுமே முடிந்தது.

எழுத்து இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அதே இயக்கத்தில் சான்று உண்டு. 2013 ஏப்ரல் 18ஆம் நாள் பொ. வேதமூர்த்தி தேசிய முன்னணியுடன் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். தேர்தலுக்குப் பின் துணையமைச்சரானார். ஒப்பந்தம் நிறைவேறவில்லை என்று கூறி 2014 பிப்ரவரியில் பதவி விலகினார். அந்த உடன்படிக்கை அறிவுடையதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் தாளில் எழுதியிருந்ததால் எது நடக்கவில்லை என்பதில் ஐயத்திற்கு இடமிருக்கவில்லை.

5. அமெரிக்கக் கறுப்பினத்தாரின் அனுபவம்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டா. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்திற்காக உயிரையே ஈந்தவர்கள். 1972 மார்ச்சில் இந்தியானா மாநிலத்தின் கேரி நகரில் அவர்கள் ஒரு தேசிய அரசியல் மாநாட்டைக் கூட்டினர். நகரத் தலைவர் ரிச்சர்டு ஹேட்சர் அதற்கு இடமளித்தார். மாநாடு ஒரு கோரிக்கைத் திட்டத்தை எழுதி வெளியிட்டது. வேட்பாளர் எந்த நிறத்தவராயினும் அதைக்கொண்டு அளக்கலாம் என்பதே அதன் நோக்கம். அதன் பல கூறுகளில் அவர்களுக்குள்ளேயே கடும் பிணக்கு எழுந்தது. ஆயினும் அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதில் தெளிவு இருந்தது.

2008இல் பராக் ஒபாமா வென்றபோது கறுப்பின வாக்காளரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அவருக்கு வாக்களித்தனர். 2011இல் அம்மக்களிடையே வேலையின்மை 16 விழுக்காட்டை ஒட்டி நின்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் டெட்ராய்ட் நகரக் கூட்டமொன்றில் நாடாளுமன்ற உறுப்பினர் மேக்சின் வாட்டர்ஸ் வெளிப்படையாகவே பேசினார். அதிபரை நீங்கள் நேசிக்கிறீர்கள், அதனால் அவரைக் கடிந்து கேட்க நாங்கள் தயங்குகிறோம், கேட்கலாம் என்று நீங்கள் சொன்னால் கேட்போம் என்பது அவர் பேச்சின் சாரம். இனப்பெருமை கேள்வியின் வாயை எவ்வாறு கட்டிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. அந்தக் கட்டை அவிழ்க்கும் உரிமை வாக்காளரிடமே உள்ளது என்பதையும் அவர் உணர்த்தினார்.

6. நாம் செய்யக்கூடியது

2023 மாநிலத் தேர்தலில் இராமசாமிக்கு வாய்ப்பு வழங்கப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் அவர் வகித்த பதவி, பஞ்சாபியரான ஜக்டிப் சிங் டியோவுக்குச் சென்றது. தமிழர் இடம் தமிழர்க்கே வேண்டும் என்ற குரல் எழுந்தது. அக்குரலில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சமூகம் ஆட்சி மன்றத்தில் தன் முகத்தைக் காண விரும்புவது இயல்பு. ஆனால் அந்த நாற்காலியில் யார் அமர்வது என்று விவாதித்த அளவுக்கு, அந்தப் பதினைந்து ஆண்டுகளில் என்ன நிறைவேறியது, என்ன நிறைவேறவில்லை என்று நாம் விவாதிக்கவில்லை. தமிழ்ப்பள்ளிகளுக்கு மாநில அரசு ஆண்டுதோறும் வழங்கிய நிதி வரவுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது. புவா பாலா செலவுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதியவர் எத்தனை பேர்?

மலேசியாவில் இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. நம்மவர் என்று நாம் அனுப்புகிறவரைப் பிற இனத்தாரும் சேர்ந்தே அனுப்புகிறார்கள். பிற இனத்தவர் ஒருவரையும் நம் ஓட்டுத் தாங்கி நிற்கிறது. ஆகவே கேட்கும் உரிமை நம்மவரிடத்தில் மட்டும் நிற்பதில்லை. எல்லா வேட்பாளரிடத்தும் செல்லும். நம்மவரிடம் சற்றுக் கூடுதலாகக் கேட்கலாம்; உத்திரமேரூர்ச் சபையின் வழி அது.

1816இல் இந்நகரத்தில்தான் பினாங்கு ஃபிரீ ஸ்கூலின் ஒரு கிளையாக இந்நாட்டின் முதல் தமிழ்வகுப்பு தொடங்கியது. இன்று இம்மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் நிலம், கட்டடம், ஆசிரியர் எண்ணிக்கை பற்றி ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதிகள் தரப்படுகின்றன. மொழி வளர்ச்சியை நோக்கமாகக் கொண்ட நம் பேரவை போன்ற அமைப்புகள் எந்தக் கட்சிக்கும் சார்பாக நிற்க வேண்டியதில்லை. வேட்பாளர் சொன்னதைச் சொன்ன நாளோடு தமிழில் எழுதி, அவர் பார்வைக்கு அனுப்பி, நூலகத்தில் ஒரு படியை வைக்கலாம். ஐந்தாண்டு முடியும் வேளையில் அதை எடுத்து, உறுப்பினரையும் அழைத்து, அவையில் வரிவரியாகப் படிக்கலாம். நிறைவேறியதற்குக் கைதட்டுவோம், நிறைவேறாததற்கு விளக்கம் கேட்போம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், அதை ஐந்தாண்டு காத்து வைக்கும் பொறுப்புணர்ச்சியும் போதும். வரும் தேர்தலுக்கு முன்பே அக்குறிப்பேட்டைத் தொடங்குமாறு இப்பேரவையைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.