துறை மாறிய விஞ்ஞானி



திருவள்ளூர் மாவட்டத்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன் நான். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் எஃகு ஆலைகளில் சோதனைக்கூடங்கள் உண்டு. அங்கே பணி புரிவோர் அனைவரும் உலோகவியல் கற்றவரல்லர். தாவரவியலில் பட்டம் பெற்றவரும் எஃகிலுள்ள கரியின் அளவைக் கணிக்கக் காணலாம். ஒரு துறையைக் கற்று வேறொரு துறையில் உழைக்க நேர்ந்தால், முன்பு கற்றது வீணாகிவிடுமா? இவ்வினாவுக்கு விடை கூறும் வரலாறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்த இடமும் நமக்குத் தொலைவிலில்லை, சென்னை கிண்டியேயாகும்.

ஜி. என். ராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டில் எர்ணாகுளத்தில் பிறந்தார். திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் பௌதிகம் பயின்றபின், 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே பௌதிகப் பேராசிரியராக இருந்த சர் சி. வி. ராமன், அவருடைய கூர்மையைக் கண்டு தம் துறைக்கே அழைத்துக்கொண்டார். இது முதல் மாற்றம்.

படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்வதில் ராமச்சந்திரன் தேர்ச்சி பெற்றார். ஒரு படிகத்தினூடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால், அது பல திசைகளில் சிதறிப் பிலிமில் புள்ளிகளாகப் பதியும். அப்புள்ளிகளின் இடத்தையும் செறிவையும் கொண்டு, உள்ளே அணுக்கள் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று கணக்கிட்டு அறியலாம். வைரம் போன்ற உயிரற்ற பொருள்களே அந்நாளில் அவருடைய ஆராய்ச்சிக்கு உரியவையாக இருந்தன.

1952இல், ஏறத்தாழ முப்பது வயதில், அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியரானார். அப்போது துணைவேந்தராக விளங்கியவர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். அந்நாட்களில் சென்னைக்கு வந்திருந்த ஆங்கில விஞ்ஞானி பெர்னால், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் தெளிவுபடவில்லை என்று எடுத்துரைத்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதியளிப்பது அப்புரதமே. உயிர்ப்பொருளை ஆராய ராமச்சந்திரன் துணிந்தார். இது இரண்டாவது மாற்றம்.

அதற்கு வேண்டிய கொலாஜன், அருகே அடையாற்றிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிடைத்தது. பதனிட்ட தோலின் உறுதி கொலாஜனைச் சார்ந்ததாகலின், அந்நிலையத்துக்கு அப்பொருள் புதிதன்று. எக்ஸ் கதிர்ப் படங்களை எடுத்து, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் ஆராய்ந்தார். கொலாஜனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதாகிய கிளைசின் ஆகும். இதற்குக் காரணம் என்ன? மூன்று சங்கிலிகள் முப்புரிக் கயிறு போல் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொண்டால், அவற்றின் நடுவே இடம் மிகக் குறுகும். அந்நெருக்கத்தில் கிளைசின் ஒன்றே அடங்கும். ஆகவே ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடந்தோறும் அது அமைந்திருக்க வேண்டும். இம்முப்புரிச் சுருளை இருவரும் 1954இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டு, மறு ஆண்டே திருத்தியும் அமைத்தனர்.

1955இல் எதிர்ப்பு எழுந்தது. சென்னையார் காட்டிய அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று கிரிக், ரிச் என்னும் இருவர் குறை கூறினர். கிரிக் என்பவர் 1953இல் வாட்சனுடன் டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டவர். இத்தகையவர் மறுத்தால் புதிதாகத் துறைக்கு வந்தவர் தளர்ந்துவிடக்கூடும். ராமச்சந்திரனோ அக்கண்டனத்தையே ஒரு கேள்வியாக மாற்றினார்: இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்?

இதற்கு விடை தேட அவருடைய பழைய படிகவியலே கைகொடுத்தது. முன்பே அமைப்பறியப்பட்ட படிகங்களில் அணுக்களுக்கிடையே உள்ள தூரங்களைத் தொகுத்தனர். ஒரு புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் முக்கியமாகத் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டு. எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் நிற்கும் என்று கணக்கிட்டு ஒரே படத்தில் வரைந்தனர். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவர் பெயரிலும் அது 1963இல் வெளிவந்தது. இன்றும் உலகில் எங்கே ஒரு புரதத்தின் அமைப்பு புதிதாகக் கண்டறியப்பட்டாலும், அது சரியா என்று சோதிக்க ‘ராமச்சந்திரன் வரைபட’த்தோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். முப்புரிச் சுருளின் பெயரைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் அரங்கமும் தாங்கி நிற்கிறது.

சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் வரலாறும் இத்தகையதே. 1976இல் அமெரிக்காவில் பௌதிகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பின்னும், அவர் உயிரியல் கற்க மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். உயிரணுவுக்குள் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பை ஆராய்ந்து, 2009இல் ரசாயன நோபெல் பரிசை மற்றும் இருவருடன் பகிர்ந்துகொண்டார்.

இவ்விருவரும் துறை மாறினர். ஆயினும் கற்றதைக் கைவிட்டாரில்லை. புதிய துறையில் தமக்குத் தெரியாதவற்றைப் பிறரிடம் கேட்டுப் பெற நாணவுமில்லை. பள்ளியில் எடுத்த பாடப்பிரிவே வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்துவிடும் என்று அஞ்சும் மாணவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். எடுத்த பாடத்தை ஆழ்ந்து பயிலுங்கள். நாளை எந்தச் சோதனைக்கூடத்தில் நிற்க நேரினும், அளந்து பார்க்கும் பழக்கமும், அளந்ததை ஐயுற்று மீண்டும் அளக்கும் பொறுமையும் உங்களுக்குத் துணை நிற்கும்.